பேக்கப் இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்குபவர்களுக்கு

ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊர்ப் பக்கம் நண்டும் கணவாயும் வாங்கி அனுப்பும் ஒரு சின்னக் கம்பெனியில் கணக்கு எழுதுவது என் வேலை. "தம்பிக்குக் கம்ப்யூட்டர் தெரியும்" என்று யாரோ ஒருமுறை முதலாளி காதில் போட்டுவிட்டதால், பிரிண்டரில் பேப்பர் சிக்குவது தொடங்கி எல்லாம் என் தலையில். ஃபைல்களுக்கு நகல் எடுத்து வைக்கும் பேக்கப் வேலையும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

நாலு கம்ப்யூட்டருக்கும் பொதுவாக, நெட்வொர்க் வழியாக எல்லோரும் ஃபைல் சேமிக்கும் நாஸ் பெட்டி ஒன்று வாங்கி வைத்தேன். உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க். ராத்திரி பதினொரு மணிக்குத் தானாக ஓடும் பேக்கப். பெட்டியின் பின்னால் யுஎஸ்பியில் இன்னொரு டிஸ்க். எல்லோருக்கும் வசதியாக இருக்கட்டும் என்று கணக்கு எழுதும் டேலி மென்பொருளின் டேட்டாவையே அந்தப் பெட்டிக்கு மாற்றிவிட்டோம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து சரக்கு வரத் தொடங்கிய ஒரு காலையில் திறந்து பார்த்தால், எல்லா ஃபைல் பெயரின் வாலிலும் புரியாத நாலெழுத்து. எவனோ உள்ளே புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டு ஃபோல்டருக்கு ஒன்றாகக் கடிதம் வைத்திருந்தான். டேலி, பில்கள், ஏற்றுமதிக்கு வேண்டிய கேட்ச் சர்டிபிகேட் ஸ்கேன்கள், படகுக்காரர்களுக்குக் கொடுத்த முன்பணக் கணக்கு, எதுவும் திறக்கவில்லை. யுஎஸ்பி டிஸ்க்குக்கும் அதே கதி.

கம்ப்யூட்டர் நாலிலும் வைரஸ் கிடையாது. ஓட்டை இருந்தது பேக்கப் பெட்டியின் மென்பொருளில். அதை அடைக்கும் அப்டேட் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது, நான் போடவில்லை. அந்தப் பெட்டியை நான் பீரோ மாதிரி நினைத்திருந்தேன். உள்ளே லினக்ஸ் ஓடும் முழுக் கம்ப்யூட்டர் அது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு பதினேழு நாள் அலைந்தேன். ஐஸ் கம்பெனி, ஸ்டுடியோ, மருந்துக்கடை, இ-சேவை மையம், பள்ளிக்கூட அலுவலகம் என்று நம் கரையில் இதே மாதிரி ஒரு பெட்டியையோ பேக்கப் மென்பொருளையோ நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர். புதிதாக இந்தப் பொறுப்பு தலையில் விழுந்தவர்கள் கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

1. நோட்டில் ஒரு பக்கம் எழுதுங்கள்

ஒரு மணி நேர வேலை, செலவு கிடையாது. பெட்டியின் மாடல், சீரியல் எண், வாங்கிய தேதி, உள்ளே ஓடும் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை மென்பொருளின் பதிப்பு, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இருக்கும் பேக்கப் மென்பொருளின் பெயர், அதன் பதிப்பு, ரவுட்டரின் மாடல். இதைக் கம்ப்யூட்டரில் எழுதி வைக்காதீர்கள். பூட்டிக்கொள்ளப் போவதே அதுதான்.

பில்லை இப்போதே எடுத்துப் பாருங்கள். எனக்குக் கடையில் கையால் எழுதித் தந்த பில்லில் சீரியல் எண் இல்லை. சர்வீஸ் சென்டரில் அதைத்தான் முதலில் கேட்டார்கள். சீரியல் எண்ணோடு ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். சூட்டில் அச்சாகும் வழவழப்புத் தாள் என்றால் நம் ஊர் வெக்கைக்கு ஆறு மாதத்தில் எழுத்து மறைந்துவிடும், அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்த மாடலுக்குக் கம்பெனி இன்னும் அப்டேட் தருகிறதா என்று அதன் இணையதளத்தில் பாருங்கள். நின்றுபோயிருந்தால் பெட்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் நெட்டில் இணைக்கக் கூடாது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிக்குக் கடைசி அப்டேட் வந்தது 2015இல். வாங்கியவர்கள் அதற்குப் பிறகும் பயன்படுத்திக்கொண்டே இருந்தார்கள். 2021 ஜூனில் பல நாடுகளில் அந்தப் பெட்டிகள் தாமாகவே ஃபேக்டரி ரீசெட் ஆகி, அதாவது கடையில் வாங்கிய நிலைக்குத் திரும்பி, பல வருடத்துப் படங்களும் கோப்புகளும் துடைத்துப் போயின. ரீசெட் செய்வதற்கு முன் கடவுச்சொல் கேட்க வேண்டிய வரிகள் அதன் மென்பொருளில் முடக்கப்பட்டுக் கிடந்தன என்பது பிறகு தெரிந்தது. வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் "அழி" என்று சொல்லலாம், பெட்டி யாரென்று கேட்காது.

கம்ப்யூட்டர்களையும் இதே கண்ணால் பாருங்கள். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது.

2. வெளியிலிருந்து பெட்டிக்கு வரும் வழியை அடையுங்கள்

எட்டு படியில் ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

முதலாளியின் மகன் சென்னையிலிருந்தே கணக்குப் பார்க்க வேண்டும் என்றார். நெட் இணைப்புக்காரர்களிடம் தனியாகப் பணம் கட்டி ஸ்டேட்டிக் ஐபி என்ற மாறாத இணைய முகவரி வாங்கினேன். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டேன், வெளியிலிருந்து வருபவரை நேரே பெட்டிக்கு அனுப்பும் ஏற்பாடு அது. அவர் செல்போனிலேயே பெட்டி திறந்தது, "சூப்பர்ண்ணே" என்றார். ஒன்றரை வருடம் கழித்து வேறு எவனோ திறந்தான். காசு கொடுத்துத் திறந்து வைத்த வாசல்.

உங்கள் வாசல் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் முறை இது. கம்பெனி கம்ப்யூட்டரில் "என் ஐபி என்ன" என்று கூகுளில் தேடி வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். செல்போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் அந்த எண்ணை பிரவுசரில் அடியுங்கள். பிறகு அதன் பின்னால் முக்காற்புள்ளி வைத்துப் பெட்டியின் போர்ட் எண்ணையும் (கதவு எண் மாதிரி) சேர்த்து அடியுங்கள். நாஸ் தயாரிக்கும் கம்பெனிகளில் கியூநாப் பெட்டிகளுக்கு வழக்கமாக 8080, சைனாலஜிக்கு 5000, 5001. உள்நுழையும் பக்கம் வந்துவிட்டால், உங்களுக்கு வருவது உலகத்துக்கே வரும்.

"கடவுச்சொல் பெரிதாக வைத்திருக்கிறேனே" என்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன், பதினாறு எழுத்து. மென்பொருளில் ஓட்டை இருந்தால் கடவுச்சொல்லைக் கேட்கும் இடத்துக்கே அவன் போவதில்லை. 2021 ஏப்ரலில் கியூநாப் பெட்டிகளைத் தாக்கிய கியூலாக்கர் என்ற பணம்பறிக்கும் வைரஸ் நுழைந்த வழிகளில் ஒன்று ஹெச்பிஎஸ் 3 என்ற செயலி. அது என்ன செயலி தெரியுமா? பேக்கப் எடுப்பதற்கென்று அந்தக் கம்பெனியே கொடுத்தது. உள்நுழைவதற்கான விவரம் அந்தச் செயலிக்குள்ளேயே எழுதப்பட்டுக் கிடந்தது. உள்ளே வந்தவர்கள் புதிதாக எந்த ஆயுதமும் கொண்டுவரவில்லை. நாம் ஃபைலைச் சுருக்கப் பயன்படுத்தும் அதே 7-ஜிப்பை வைத்துக் கடவுச்சொல் போட்டுச் சுருக்கிவிட்டு, 0.01 பிட்காயின் கேட்டார்கள். அடுத்த ஜனவரியில் டெட்போல்ட் என்று இன்னொன்று வந்தது, அதற்கு விலை 0.03 பிட்காயின்.

ஆகவே ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போங்கள். போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலில் இருப்பதையெல்லாம் நீக்குங்கள். யுபிஎன்பி என்று ஒன்று இருக்கும், அதை அணையுங்கள். பெட்டி உங்களைக் கேட்காமலேயே ரவுட்டரிடம் சொல்லி வாசலைத் திறந்துகொள்ள அதுதான் வழி. பெட்டியின் அமைப்பிலும் இதே பெயரில் ஒரு தேர்வு இருக்கலாம், அதையும் அணைக்க வேண்டும். தூரத்திலிருந்து பெட்டிக்குக் கட்டளை கொடுக்கும் டெல்நெட், எஸ்எஸ்ஹெச் இரண்டும் தேவைப்படாதவரை மூடியே இருக்கட்டும்.

ஸ்டேட்டிக் ஐபி வாங்காத வீட்டு இணைப்பு என்றால், ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் (WAN) ஐபி என்ற எண்ணைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் நெட் கம்பெனி உங்களைப் பல பேரோடு சேர்த்து ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது, அந்த வழியாக நேரே உள்ளே வர முடியாது. அதற்காக நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஐபிவி6 என்ற புது வகை முகவரியும் கொடுத்திருந்தால் அது வேறு பாதை. ரவுட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் இயங்குகிறதா என்று பாருங்கள்.

வெளியூரிலிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால், நம் ஆட்கள் மட்டும் நுழையும் பூட்டிய பாதையான விபிஎன் ஒன்றுதான் வழி. வயர்கார்டு என்ற விபிஎன் பல ரவுட்டர்களிலேயே இருக்கிறது. டெயில்ஸ்கேல் மாதிரியானவற்றுக்குப் போர்ட் எதுவும் திறக்கத் தேவையில்லை. ஒரு மதியம் உட்கார்ந்தால் முடியும். முதலாளி மகனுக்குப் புரியவைக்க இன்னொரு மதியம்.

3. அப்டேட்: எப்போது, எப்படி

கீழக்கரையில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவரிடம் போய் நின்றபோது, கேட்காமலே முதலில் சொன்னது இது: "தம்பி, அப்டேட் ஓடயில கரண்டு போச்சுன்னா பெட்டி படுத்துரும். அப்புறம் எந்திரிக்காது. யூபிஎஸ் இல்லாம அதுல கை வைக்காதீங்க." 600 விஏ யூபிஎஸ் எனக்கு 3,200 ரூபாய் ஆனது. பெட்டியும் ரவுட்டரும் மட்டும் அதில் இருந்தால் ஒரு அப்டேட் முடியும் நேரத்துக்குத் தாங்கும். அதில் பிரிண்டரைச் சொருகாதீர்கள், லேசர் பிரிண்டர் என்றால் சொருகவே சொருகாதீர்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளைப் பேப்பரில் பார்த்துவிட்டு அதற்கு மறுநாளை வைத்துக்கொள்ளுங்கள். விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போகிற ஊர் என்பதால் எங்களுக்கு வெள்ளி மதியம்தான் கை ஓய்வு. மாதத்தில் முதல், மூன்றாம் வெள்ளி மதியம் பேக்கப்புக்கு என்று ஒதுக்கிவிட்டோம். பெரிய பதிப்பு மாற்றம், பழைய பெட்டியை மாற்றுவது போன்றவற்றை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்துக்கு ஒத்திப்போடலாம். ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை ஒத்திப்போடக் கூடாது. நான் செய்த தப்பே இரண்டையும் ஒன்றாக நினைத்து "தடைக்காலத்துல பாத்துக்கலாம்" என்று விட்டதுதான். தடைக்காலம் வந்தபோது யாருக்கும் ஞாபகம் இல்லை.

எது அவசரம் என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு ஓட்டைக்கும் சிவிஇ என்று தொடங்கி வருடமும் எண்ணும் கொண்ட ஒரு பெயர் உண்டு. மேலே சொன்ன ஹெச்பிஎஸ் 3 ஓட்டை சிவிஇ-2021-28799. அதோடு 10க்கு எத்தனை என்று ஒரு மதிப்பெண்ணும் வரும். 9 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றைக்கே போடுங்கள், ஏலம் நடந்துகொண்டிருந்தாலும் சரி. 7 முதல் 9க்குள் என்றால் அந்த வாரத்துக்குள். அதற்குக் கீழே என்றால் வெள்ளி மதியம். பெட்டி தயாரித்த கம்பெனியின் பாதுகாப்பு அறிவிப்புகளுக்கு உங்கள் மின்னஞ்சலைப் பதிவு செய்யுங்கள். இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பும் இப்படிப்பட்ட ஓட்டைகளுக்கு எச்சரிக்கைக் குறிப்பு வெளியிடுகிறது, எல்லாம் இலவசம்.

ஓட்டை பெட்டியில் மட்டும் இல்லை, கம்ப்யூட்டரிலும் சர்வரிலும் ஓடும் பேக்கப் மென்பொருளிலும் இருக்கும். பெரிய கம்பெனிகள் அதிகம் பயன்படுத்தும் வீம் மென்பொருளில் 2024 செப்டம்பரில் சிவிஇ-2024-40711 என்ற ஓட்டைக்கு அப்டேட் வந்தது. மதிப்பெண் 9.8. கடவுச்சொல் இல்லாமலே அந்தச் சர்வரில் எந்தக் கட்டளையையும் ஓட்டலாம் என்கிற வகை. அப்டேட் வந்து ஒன்றரை மாதம் ஆவதற்குள் அகீரா, ஃபாக் என்ற பணம்பறிக்கும் கும்பல்கள் அதே வழியில் நுழைந்துகொண்டிருந்தன. மறுபக்கம், வெரிடாஸ் பேக்கப் எக்சிக் மென்பொருளின் மூன்று ஓட்டைகளுக்கு 2021 மார்ச்சிலேயே அப்டேட் வந்துவிட்டது. அடைக்காமல் விட்டவர்களிடம் 2022 அக்டோபரில்கூட நுழைந்தார்கள். புதுசு என்றாலும் வருவான், பழசு என்றாலும் வருவான்.

இன்னும் இரண்டு பொறி. "உங்கள் நாஸுக்கு அவசர அப்டேட்" என்று மின்னஞ்சலில் வரும் இணைப்பை அழுத்தாதீர்கள். பெட்டியின் மெனுவிலிருந்தோ கம்பெனியின் இணையதளத்திலிருந்தோ மட்டும் போடுங்கள். அடுத்தது, கடையில் "சும்மா போட்டுத் தாரேன்" என்று கிராக் செய்த பேக்கப் மென்பொருளை நிறுவித் தருவார்கள். அது அப்டேட் ஆகாது, ஆக விடவும் மாட்டார்கள். அதைவிட விண்டோஸோடு வருவதும் டேலிக்குள்ளேயே இருக்கும் பேக்கப்பும் எவ்வளவோ மேல்.

அப்டேட்டுக்கு முன் பெட்டியின் அமைப்புகளை ஒரு ஃபைலாகச் சேமித்து பென்டிரைவில் போட்டு வையுங்கள். ஐந்து நிமிடம்.

4. கடவுச்சொல், கணக்குகள்

"அட்மின்" என்ற பெயரில் பிறந்த கணக்கை முடக்கிவிட்டு, வேறு பெயரில் நிர்வாகிக் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். அதற்கு, கடவுச்சொல்லோடு செல்போனில் வரும் எண்ணையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போடுங்கள். அந்தக் கணக்கால் தினசரி வேலை செய்யாதீர்கள். பேக்கப் ஓடுவதற்கென்று தனிக் கணக்கு வையுங்கள், அதற்குப் பேக்கப் ஃபோல்டரைத் தவிர வேறெதுவும் தெரியக் கூடாது.

பேக்கப் மென்பொருளுக்குள் நீங்கள் கொடுத்து வைக்கும் கடவுச்சொற்கள் இன்னொரு சங்கடம். எல்லாக் கம்ப்யூட்டருக்குள்ளும் போய் நகல் எடுக்க வேண்டும் என்பதால் எல்லாச் சாவியும் அதனிடம் இருக்கும். வீமில் 2023 மார்ச்சில் அடைக்கப்பட்ட சிவிஇ-2023-27532 என்ற ஓட்டை அந்தச் சாவிக்கொத்தையே வெளியே எடுக்க வழி விட்டது. அதனால் அங்கே கொடுக்கும் கடவுச்சொல்லை மின்னஞ்சலுக்கோ வங்கிக்கோ ஜிஎஸ்டி தளத்துக்கோ வைக்காதீர்கள். எங்கள் கம்பெனியில் எல்லாவற்றுக்கும் முதலாளியின் படகு எண்தான் கடவுச்சொல். படகின் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும்.

5. வேண்டாத செயலிகளை எடுத்துவிடுங்கள்

படம் பார்க்க, பாட்டுக் கேட்க என்று பெட்டியோடு இருபது செயலி வரும். ஒவ்வொன்றும் ஒரு ஜன்னல். 2024 இறுதியில் சைனாலஜியின் ஃபோட்டோஸ் செயலியில் கண்டுபிடித்த ஓட்டைக்கு யாரும் எதையும் அழுத்தக்கூட வேண்டியதில்லை. நண்டுக் கம்பெனிக்கு ஃபோட்டோ ஆல்பம் எதற்கு? பத்து நிமிடத்தில் நீக்கிவிடலாம்.

6. கழற்றி வைக்கும் நகல்

மேலே சொன்ன ஐந்தையும் செய்தாலும் நாளைக்கு யாருக்கும் தெரியாத புது ஓட்டை ஒன்று வரலாம். வயரைக் கழற்றி வைத்த டிஸ்க்குக்குள் எவனாலும் நுழைய முடியாது. எனக்கும் யுஎஸ்பி டிஸ்க் இருந்ததே என்றால், அது எந்நேரமும் பெட்டியில் சொருகியே இருந்தது. பெட்டிக்குள் வந்தவனுக்கு அதுவும் இன்னொரு ஃபோல்டர்.

பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருக்கிறதே, ஒன்று போனால் இன்னொன்று என்று நினைப்பவர்களுக்கு: அந்த ஏற்பாடு டிஸ்க் பழுதானால்தான் காப்பாற்றும். ஒன்றில் பூட்டுப் போட்டால் அதே நொடியில் மற்றதிலும் விழும்.

இரண்டு டிபி டிஸ்க் இரண்டு வாங்குங்கள். எனக்கு ஒன்று 6,200 ரூபாய் வீதம் ஆனது. ஒன்றில் சிவப்பு, ஒன்றில் பச்சை நெயில் பாலிஷால் பொட்டு வையுங்கள். ஸ்டிக்கர் இந்த ஈரத்தில் உரிந்துவிடும். முதல் வெள்ளிக்கிழமை சிவப்பு, மூன்றாம் வெள்ளிக்கிழமை பச்சை. நகல் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். இடையில் வரும் கணக்குக்கு டேலியை மட்டும் தினமும் மாலை ஒரு பென்டிரைவில் எடுக்கிறேன்: டேலிபிரைமில் ஆல்ட்டும் ஒய்யும் சேர்த்து அழுத்தினால் பேக்கப் இருக்கும், இரண்டு நிமிட வேலை. டேலி திறந்திருக்கும்போது அதன் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்யாதீர்கள், பாதி எழுதிய கணக்கு வந்துவிடும்.

சொருகும் முன் ஒரு சோதனை. பெட்டியில் பழைய ஃபைல், நேற்றைய ஃபைல், ஒரு படம் என்று மூன்றைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் டிஸ்க்கைத் தொடாதீர்கள். அவசரத்தில் "எதுக்கும் ஒரு பேக்கப் எடுத்துருவோம்" என்று நல்ல டிஸ்க்கைக் கொண்டுபோய்ச் சொருகி அதையும் பறிகொடுத்தவர் ஒருவரைத் தங்கச்சிமடத்தில் பார்த்தேன்.

நம் கரையில் டிஸ்க்குக்கு இன்னொரு எதிரி உப்புக்காற்று. மேசை டிராயரில் போட்ட யுஎஸ்பி வயரின் முனையில் ஒரே மழைக்காலத்தில் பச்சை பூத்துவிடும். ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். டப்பாவுக்கு 180 ரூபாய் ஆனது. சிலிக்கா ஜெல் புதுச் செருப்பு டப்பாவிலேயே கிடைக்கும்.

இரண்டில் ஒன்று கடற்கரையில் இருக்கக் கூடாது. 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியபோது பல கடைகளில் தரையில் இருந்ததெல்லாம் மிதந்தது. எங்கள் பச்சை டிஸ்க் பரமக்குடியில் அக்கா வீட்டுப் பீரோவில் இருக்கிறது. வெளியே போகும் டிஸ்க்கைப் பூட்டித்தான் அனுப்ப வேண்டும், அதில் படகுக்காரர்களின் ஆதார் நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கின்றன. விண்டோஸ் புரோ என்றால் அதனோடு வரும் பிட்லாக்கர் என்ற பூட்டு போதும். ஹோம் பதிப்பில் யுஎஸ்பி டிஸ்க்கை அதனால் பூட்ட முடியாது, அதற்கு வெராகிரிப்ட் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. பிட்லாக்கர் தரும் 48 இலக்க மீட்பு எண்ணை அச்செடுத்து நோட்டில் ஒட்டுங்கள். டிஸ்க்கும் நோட்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது.

கூகுள் டிரைவில் தானாகவே நகல் ஏறி சிங்க் ஆகிறதே, அது போதாதா என்றால் போதாது. இங்கே கெட்டுப்போன ஃபைல் அங்கேயும் போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய பதிப்பைத் திருப்பி எடுக்கலாம்தான், ஆனால் அது 30 நாள் அல்லது 100 பதிப்பு வரை. அதற்குள் கவனித்தால் பிழைத்தீர்கள். ஆயிரக்கணக்கான ஃபைலை ஒவ்வொன்றாகத் திருப்பும் பொறுமையும் வேண்டும்.

7. திருப்பி எடுத்துப் பாருங்கள்

பேக்கப் "வெற்றி" என்று பச்சை டிக் காட்டும். அது போய்ச் சேர்ந்ததைத்தான் சொல்கிறது, திரும்பி வருமா என்று சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வெறும் கம்ப்யூட்டர் ஒன்றில் டிஸ்க்கிலிருந்து டேலியைத் திருப்பி ஏற்றி, கடைசி பில்லின் தொகை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

நேரத்தையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். எங்களிடம் இருப்பது 380 ஜிபி. நொடிக்கு 100 எம்பி வேகம் கிடைக்கும் யுஎஸ்பி டிஸ்க்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அதையே 50 எம்பிபிஎஸ் நெட்டில் கிளவுடிலிருந்து இறக்கினால் 17 மணி நேரம், அதுவும் நெட் நடுவில் போகாமல் இருந்தால். கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்ப நிற்கும் நாளில் இந்த வித்தியாசம் என்னவென்று தெரியும்.

8. அடிபட்டுவிட்டால்

நெட் வயரைப் பிடுங்குங்கள். பெட்டியை அணைக்காதீர்கள். பூட்டும் வேலை இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் சாவி அதன் நினைவகத்தில் இருக்க வாய்ப்புண்டு. கியூலாக்கர் சமயத்தில் கியூநாப் கம்பெனியே பெட்டியை அணைக்க வேண்டாம் என்றுதான் சொன்னது. நான் பதறிப்போய் சுவிட்சை அணைத்தேன். ரீசெட்டும் செய்யாதீர்கள், கடிதத்தை அழிக்காதீர்கள்.

செல்போனில் படம் எடுங்கள்: கடிதம் முழுதும், ஃபைல்களின் புதிய வால், பெட்டியின் தேதி நேரம், யார் எப்போது வந்தார்கள் என்று பதிவாகும் லாக் பக்கம். பூட்டிய ஃபைல் இரண்டு, அதே ஃபைலின் நல்ல நகல் மின்னஞ்சலிலோ வாட்ஸப்பிலோ இருந்தால் அதுவும், ஒரு பென்டிரைவில். யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் சேர்ந்து 2016இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் பூட்டிய ஃபைலை ஏற்றினால், அந்த வகைக்கு இலவசச் சாவி இருக்கிறதா என்று சொல்லும். எங்களுடையதற்கு இல்லை. டேட்டா ரிகவரி என்று போன இடத்தில் 45,000 கேட்டார்கள், வருமா என்றதற்கு "முயற்சி பண்றோம் சார்" என்றார்கள். முன்பணம் திரும்பாது என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டதும் எழுந்து வந்துவிட்டேன்.

புகாருக்குச் செலவு இல்லை. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் செல்போன் ஓடிபியோடு பதியலாம். பணம் கட்டி ஏமாந்திருந்தால் உடனே 1930க்கு அழையுங்கள். கம்பெனி என்றால் செர்ட்-இன்னுக்கும் தெரிவிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 28இல் வந்த உத்தரவுப்படி, தெரியவந்ததிலிருந்து 6 மணி நேரத்துக்குள். நான் மூன்றாம் நாள்தான் அந்த விதியையே படித்தேன்.

மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போகும்போது கொண்டுபோக வேண்டியவை: லெட்டர்பேடில் புகார் இரண்டு பிரதி, உங்கள் ஆதார் நகல், கம்பெனியின் ஜிஎஸ்டி பதிவுச் சான்று, பெட்டியின் பில், அச்செடுத்த படங்கள், அந்தப் பென்டிரைவ், ஆன்லைன் புகாரின் எண். நீங்கள் உரிமையாளர் இல்லை என்றால் அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம். இது இல்லாமல் போனதால் எனக்கு ஒருநாள் வீண், போகவர பஸ்ஸும் வெயிலும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அந்த ரசீதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் புத்தகங்களை ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். "வைரஸ் தின்றுவிட்டது" என்று வாயால் சொன்னால் எந்த அதிகாரியும் கேட்க மாட்டார். ரசீதின் நகலை ஆடிட்டரிடம் அந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

கணக்கைத் திரும்பக் கட்டும் வேலைக்கு, விற்றதற்குத் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1, வாங்கியதற்கான ஜிஎஸ்டிஆர்-2பி இரண்டும் ஜிஎஸ்டி தளத்தில் இருக்கும், மாதவாரியாக இறக்குங்கள். வங்கியில் ஸ்டேட்மென்ட்டை எக்செல்லாகக் கேளுங்கள், பிடிஎஃப் கொடுத்தால் மறுபடி கையால் அடிக்க வேண்டியிருக்கும். கேட்ச் சர்டிபிகேட் எண்களை, கடல்பொருள் ஏற்றுமதியைக் கவனிக்கும் எம்பெடா அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பாருங்கள். எங்களுக்குக் கடைசியில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது வாட்ஸப்பிலிருந்து; ஏல மேடையில் நின்று எடைச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பும் பையன், எதையும் அழிக்காமல் வைத்திருந்தான். முன்பணக் கணக்குக்கு மட்டும் படகுக்காரர்களையே கேட்க வேண்டியிருந்தது. இரண்டு பேரைத் தவிர எல்லோரும் எங்கள் ஞாபகக் கணக்கைவிடக் கூடுதலாகவே சொன்னார்கள், தாங்கள் வாங்கியதை.